கேட்டு வாங்கிய மரியாதை: ‘ரெஸ்பெக்ட்’ கைமாறிய கதை

‘ரெஸ்பெக்ட்’ பாட்டை நான் முதலில் கேட்டது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் குரலில். பல வருஷம் அது அவரே எழுதிய பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் ஓடிஸ் ரெடிங், முதலில் பாடியவரும் அவர்தான் என்று தெரிந்த அன்று ராத்திரியே அந்தப் பழைய பதிவைத் தேடிப் பிடித்துப் போட்டேன். நல்ல பாட்டு, விறுவிறுப்பான பாட்டு. ஆனாலும் முடிகிறவரை ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. சொற்கள் பெரும்பாலும் அதேதான். கேட்கிற ஆள் மாறியிருந்தார். அதனால் அவர் கேட்கிற பொருளும் மாறியிருந்தது.

ஒரு கவர் வெர்ஷன், அதாவது ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் மறுபடி பாடிய பதிவு, மூலத்தை விஞ்சிவிட்டது என்று சொல்வது சுலபம். எதில் விஞ்சியது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு தடுமாறிவிடும். குரல் வளத்திலா, வாத்தியத்திலா, விற்பனையிலா? இந்த ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதற்குப் பதில் தேடிப் பார்க்கிறேன். நடுவில் வேறு சில பாட்டுகளும் வரும், ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு மட்டும்.

விற்பனை என்ற அளவுகோலை முதலிலேயே தள்ளிவிடலாம். 1950களின் அமெரிக்காவில் கவர் என்பது பல நேரம் ஒரு வியாபாரத் தந்திரமாகவே இருந்தது. கறுப்பினப் பாடகர் ஒருவரின் பாட்டு ஓடத் தொடங்கியதும், வெள்ளையினப் பாடகரை வைத்து அதையே அவசர அவசரமாகப் பதிவு செய்து, கறுப்பினத்தவர் தட்டுகளைத் தொடாத வானொலி நிலையங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’ 1955இல் வந்தது. கையோடு பேட் பூனும் அதைப் பாடினார். பாப் பட்டியலில் பூனின் தட்டுதான் மேலே ஏறியது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிற யாரும் பூன் விஞ்சினார் என்று சொல்லமாட்டார்கள். ரிச்சர்டின் குரலில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அந்தக் கத்தல், பூனின் வாயில் ஒப்பிப்பதுபோல ஆகிவிட்டது.

என் கட்சி இதுதான். ஒரு பாட்டின் சொற்கள் யாருடைய வாயில் அதிகக் கனம் பெறுகின்றனவோ, அவருடைய பதிவே விஞ்சி நிற்கிறது. தாளம், வாத்தியம், குரல் நுணுக்கம் எல்லாம் அந்தக் கனத்தை வெளியே கொண்டுவர எவ்வளவு உதவுகின்றனவோ அவ்வளவுதான் அவற்றுக்குக் கணக்கு. ‘ரெஸ்பெக்ட்’ அளவுக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிற வேறு பாட்டு எனக்குத் தெரியாது.

வீடு திரும்புகிற ஆண்

1965 ஜூலை. ஓடிஸ் ரெடிங்குக்கு வயது 23. மெம்ஃபிஸில் இருந்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோ, பழைய சினிமா தியேட்டர் ஒன்றை மாற்றிக் கட்டியது. இருக்கைகளை எடுத்துவிட்டார்களே தவிர, தரையின் சரிவு அப்படியே இருந்தது. ஸ்டீவ் க்ராப்பர் கிட்டார், ‘டக்’ டன் பேஸ், அல் ஜாக்சன் டிரம்ஸ், அவர்களோடு ஊதுகருவிக் குழு. ‘ஓடிஸ் ப்ளூ’ என்ற ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரு நாளுக்குள் பதிவு செய்து முடித்தார்கள்.

அந்த ஆல்பத்தில் 11 பாட்டுகள். அவற்றில் ஓடிஸ் எழுதியவை மூன்றே மூன்று, அதிலும் ஒன்று ஜெர்ரி பட்லரோடு சேர்ந்து எழுதியது. மற்ற எட்டும் பிறர் பாட்டுகள். சாம் குக்கின் பாட்டுகள் மூன்று உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு சில வாரங்களுக்கு முன்புதான் வெளியிட்டிருந்த ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டும் உண்டு. அந்தப் பாட்டின் புகழ்பெற்ற கிட்டார் துணுக்கு ஊதுகருவிகளுக்காக யோசித்தது என்று கீத் ரிச்சர்ட்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஓடிஸ் அதை ஊதுகருவிகளிலேயே வாசிக்க வைத்தார். அடுத்தவர் பாட்டுக்குள் புகுந்து அதன் சாவியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர் அவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவருக்கே அது நடந்தது.

‘ரெஸ்பெக்ட்’ அவர் எழுதிய மூன்றில் ஒன்று. பாட்டில் பேசுகிறவன் சம்பாதிக்கப் போய்விட்டு வீடு திரும்புகிற ஆண். சாரம் இவ்வளவுதான்: நான் இல்லாத நேரத்தில் நீ எனக்குத் துரோகமே செய்தாலும் போகட்டும், வீட்டுக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு, கையில் இருக்கிற காசு முழுவதையும் உன்னிடம்தானே தரப் போகிறேன். ஓடிஸ் இதைக் கரகரத்த குரலில், மூச்சு வாங்க, ஏறக்குறைய ஓடிக்கொண்டே பாடுகிறார். ஊதுகருவிகள் பின்னாலிருந்து தள்ளுகின்றன. சரணத்துக்கு அடுத்து சரணம், நிற்க இடமில்லை. திசை மாறுகிற பகுதி என்று ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முடிந்துவிடுகிறது.

அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கிறது, அதுதான் அந்தப் பதிவின் அழகு. ஆனால் பாட்டுக்குள் இருக்கிற நிலவரம் 1965இல் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கக்கூடியதாக இல்லை. சம்பாதித்துக் கொடுக்கிற ஆண் தன் வீட்டில் மரியாதை எதிர்பார்க்கிறான். உலகம் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்றைத்தான் அவன் கேட்கிறான். கறுப்பினத்தவர் இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் நான்காவது இடம், பாப் பட்டியலில் 35. ஓடிஸைப் பொறுத்தவரை நல்ல வெற்றிதான்.

அரீதா வந்த வழி

அரீதா பிறந்தது மெம்ஃபிஸில், 1942இல். வளர்ந்தது டெட்ராய்ட்டில். தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் புகழ்பெற்ற போதகர். தேவாலயத்தில் பாடிப் பாடி உருவான குரல் அது. 1960இல் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறு வருஷம் பெரும்பாலும் ஜாஸ் பாட்டுகள், பழைய மேடைப் பாட்டுகள், மெத்தென்ற வயலின் கூட்டம். குரலை எல்லோரும் மெச்சினார்கள், தட்டுகள் பெரிதாக ஓடவில்லை.

1966 கடைசியில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்தது எளிமையான காரியம். அரீதாவைப் பியானோ முன்னால் உட்கார வைத்தார், வாத்தியக்காரர்கள் அவருடைய கையைப் பார்த்து வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அலபாமாவின் மஸல் ஷோல்ஸில் நடந்த முதல் பதிவு, ஒரு பாட்டு முடிந்து இரண்டாவது பாதியில் நிற்கும்போதே தகராறில் கலைந்தது. அப்புறம் அந்த வாத்தியக்காரர்களையே நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். ராஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸ், டாமி காக்பில் பேஸ், ஸ்பூனர் ஓல்டம் ஆர்கன். ஓடிஸின் ஸ்டாக்ஸ் தட்டுகளை விநியோகித்ததும் அட்லாண்டிக்தான், ஆகவே பாட்டு அந்நிய வீட்டுக்குப் போகவில்லை. அரீதா அதை அதற்கு முன்பே மேடைகளில் பாடிப் பழகியிருந்தார். ஸ்டூடியோவுக்குள் வரும்போதே பாட்டு அவர் கையில் முக்கால்வாசி மாறியிருந்தது.

1967 பிப்ரவரி 14

அன்று அரீதா பாடிய இந்தப் பதிவை ஹெட்போன் போட்டு, வரி வரியாக நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் சொற்கள். துரோகத்தைப் பற்றிய வரி ஓடிஸிடம் ஒரு விட்டுக்கொடுப்பு: நீ செய்தாலும் போகட்டும். அரீதா அதே வரியைத் திருப்பிப் போடுகிறார். நீ இல்லாதபோது நான் உனக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அடங்கி நடக்கிற மனைவியின் வாக்குறுதியாகப் போயிருக்கும். உடனே காரணம் சொல்கிறார்: எனக்கு அதில் விருப்பம் இல்லை, அதனால். பயம், கடமை, ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு எதுவும் அதில் வரவில்லை. தன் நடத்தைக்குத் தன் விருப்பமே காரணம் என்று ஒரு பெண் சொல்கிறார். ஒரு சின்ன வாக்கியத்தில் பாட்டின் அச்சே நகர்ந்துவிட்டது. வேறு எந்த மாற்றமும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் இது வேறு பாட்டாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து காசு. ஓடிஸ் பாட்டில் ஆண் சொல்வதையே இங்கே பெண்ணும் சொல்கிறார்: என் பணம் முழுவதையும் உனக்குத் தரப் போகிறேன். இந்த இடத்தில் சொல்லை மாற்றவே தேவைப்படவில்லை, வாய் மாறியதே போதும். அன்றைய அமெரிக்காவில் ஒரு பெண் தன் பெயரில் கடன் கேட்டால், கணவன் கையெழுத்தைக் கொண்டு வா என்று வங்கி சொல்ல முடியும். கடன் கொடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1974இல்தான் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், சம்பாத்தியம் என்னுடையது, தருகிறவள் நான், பதிலுக்கு நான் கேட்பது இதுதான் என்று ஒரு பெண் கணக்குச் சொல்கிறார். ஓடிஸ் பாட்டில் பணம் ஒரு சலுகை கேட்பதற்கான காரணமாக இருந்தது. இங்கே அது பேரத்தில் அவருடைய பங்கு.

மூன்றாவது, பின்னணிக் குரல்கள். என் காதில் முக்கால்வாசி மாயமும் இங்கேதான் நடக்கிறது. பாடுபவர்கள் அவருடைய சொந்தச் சகோதரிகள் எர்மாவும் கரோலினும். ஓடிஸ் பதிவில் பின்னால் வருகிற குரல்கள் ‘ஹே ஹே’ என்று உற்சாகம் ஏற்றுகிற கூட்டம். இங்கே சகோதரிகள் வாதத்திலேயே கலந்துகொள்கிறார்கள். அரீதா ஒரு கோரிக்கை வைத்தால், ‘கொஞ்சமே கொஞ்சம்’ என்ற பொருளில் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்கிறவள் தனியாக இல்லை, பின்னால் ஆள் இருக்கிறது என்பது கேட்கும்போதே தெரிகிறது. ஓரிடத்தில் ‘ரீ ரீ ரீ ரீ’ என்று அடுக்குகிறார்கள். அது ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லின் முதல் அசைபோல ஒலிக்கும், அதே சமயம் வீட்டில் அரீதாவைக் கூப்பிடுகிற செல்லப் பெயரும் ‘ரீ’தான். பாட்டின் நடுவில் அக்காவும் தங்கையும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இது தெரிந்த பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான்காவது, சாக்ஸபோன். ஓடிஸ் பாட்டில் திசை மாறுகிற பகுதி இல்லை என்றேன் அல்லவா? அந்தக் குறையை அட்லாண்டிக் ஆட்கள் ஒரு கடன் வாங்கித் தீர்த்தார்கள். சாம் அண்ட் டேவ் இருவரும் பாடிய வேறொரு பாட்டின் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை எடுத்துவந்து நடுவில் பொருத்தி, அதன் மேல் கிங் கர்டிஸை வாசிக்கச் சொன்னார்கள். பாட்டு ஓடுவது ஸி மேஜரில். சாக்ஸபோன் பகுதி எஃப் ஷார்ப் மைனரில் திறக்கிறது. நம் கணக்கில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரம். ஒரு ஸ்தாயிக்குள் அதைவிடத் தள்ளிப் போக இடம் கிடையாது. ஆனாலும் தையல் தெரியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டிருந்த சண்டையிலிருந்து யாரோ கதவைத் திறந்து வெளியே போய் நாலு மூச்சு விட்டுவிட்டு, இன்னும் உறுதியோடு உள்ளே வருவதுபோல இருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பிறகு அரீதாவின் குரல் ஒரு படி மேலே நிற்கிறது.

கடைசியில் அந்த இடம். வாத்தியங்கள் விலகிக்கொள்ள, அரீதா அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டுகிறார்: ஆர், ஈ, எஸ், பி, ஈ, சி, டி. ஓடிஸ் எழுதியதில் இது கிடையாது. இன்று இந்தப் பாட்டென்றால் ஊர் உலகத்துக்கு ஞாபகம் வருவது இதுதான். சகோதரிகளோடு சேர்ந்து உருவாக்கியது.

எழுத்துக்கூட்டுவது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொல் தெரியாதவனுக்குத்தான் எழுத்துக்கூட்டிச் சொல்வோம். அதாவது, எதிரே இருப்பவனுக்கு அந்தச் சொல் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உடனே, அது எனக்கு என்ன பொருள் தருகிறது என்று தெரிந்துகொள் என்கிறார். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ ஆக்கினால் முடிந்தது, ஒரு பேச்சில் அது இல்லாமல் போனால் அந்தக் கணமே உறைக்கும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு விகுதி இல்லை. அதனால்தானோ என்னவோ ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டியிருந்தது.

தனித் தட்டாக 1967 ஏப்ரலில் வெளியானது. ஜூன் 3 அன்று அமெரிக்க பாப் பட்டியலில் முதலிடம், இரண்டு வாரம் அங்கே நின்றது. ஆர் அண்ட் பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். ஓடிஸ் எழுதிய ஒரு பாட்டு நாட்டின் முதலிடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை, வேறொருவர் குரலில். அடுத்த வருஷம் அரீதாவுக்கு இரண்டு கிராமி விருதுகள் வாங்கிக் கொடுத்தது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டக்காரர்களும் பெண்ணுரிமை இயக்கத்தவரும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். காதலனிடம் கேட்கிற மரியாதையை நாட்டிடம் கேட்கிற மரியாதையாக மாற்றுவதற்கு ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அந்த ஜூலையில் அரீதாவின் ஊரான டெட்ராய்ட்டில் கலவரம் மூண்டு 43 பேர் இறந்தபோது, நாடு முழுக்க வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு இது.

தலைகீழாக நடந்த ஒன்று

என் கட்சியைச் சோதித்துப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் ஒரு பாட்டு வேண்டும். ‘ஹவுண்ட் டாக்’ இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி பாட்டு என்றே பெரும்பாலோர் அறிவார்கள். ஆனால் லைபரும் ஸ்டோலரும் அதை எழுதியது பிக் மாமா தார்ன்டன் என்ற பாடகிக்காக. 1952இல் பதிவாகி, அடுத்த வருஷம் ஆர் அண்ட் பி பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர் பாடும்போது அந்த ‘நாய்’ உண்மையில் ஓர் ஆள். தன் தயவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் கதவைச் சுரண்டுகிற ஆண். அவனை வெளியே போகச் சொல்கிறார். உறுமல், சிரிப்பு, ஏளனம் எல்லாம் அந்தக் குரலில் உண்டு.

1956இல் எல்விஸ் பாடியபோது, ஏற்கெனவே வேறொரு குழு மேடைக்காக மாற்றி வைத்திருந்த வரிகளை எடுத்துக்கொண்டார். அதில் நாய் நிஜமாகவே நாய். முயல் பிடிக்காத நாய். ஓர் இளைஞன் ஒரு நாயிடம் கோபித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். டிரம்ஸ் வெடிக்கிறது, எல்விஸின் குரலில் வேகம் இருக்கிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. புகழில் தார்ன்டனை முழுக்க மறைத்துவிட்டது. ஆனால் ஒரு பெண் ஓர் ஆணிடம் பேசிய பேச்சு காணாமல் போயிற்று. ‘ரெஸ்பெக்ட்’ பெண் வாய்க்கு வந்ததும் கனத்தது. ‘ஹவுண்ட் டாக்’ பெண் வாயை விட்டுப் போனதும் காலியாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த அளவுகோலில் நம்பிக்கை வந்தது.

ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ இதற்கு இன்னொரு சாட்சி. ட்ரென்ட் ரெஸ்னர் 1994இல் ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டபோது அது முப்பது வயதுகூட ஆகாத ஒருவரின் தன்வெறுப்பு. 2002இல் கேஷுக்கு வயது 70, உடல் நொடிந்துபோயிருந்தது. வரிகளில் ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள் என்று மாற்றினார், மற்றபடி அப்படியேதான் பாடினார். தெரிந்தவர்கள் எல்லோரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்று இளைஞன் சொன்னால் அது ஒரு மனநிலை. எழுபது வயதுக்காரர் சொன்னால் அது செய்தி. கேஷின் காணொளியைப் பார்த்த ரெஸ்னர், இந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்ற பொருளில் சொன்னார்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’தான் என்னைச் சங்கடப்படுத்துகிற பாட்டு. பாப் டிலன் அதை வெளியிட்டது 1967 டிசம்பர் கடைசியில். ஜனவரியிலேயே ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் பதிவைத் தொடங்கிவிட்டார். அதில் பேசுகிற ஆள் மாறவில்லை, வயது மாறவில்லை, நிலவரமும் மாறவில்லை. ஆனாலும் விஞ்சிவிட்டது. டிலனே ஹென்ட்ரிக்ஸின் மறைவுக்குப் பிறகு மேடையில் அதை அவர் பாணியில்தான் பாடிவந்ததாகச் சொன்னார். தன் பாட்டுகளில் அவர் மேடையில் மிக அதிகமாகப் பாடியதும் அதுதான், 2,000 தடவைக்கு மேல். நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் இது: டிலனின் வரிகள் ஏதோ பெரியது வரப்போகிறது என்று அறிவிப்பதோடு முடிந்துவிடுகின்றன, காற்று ஊளையிடத் தொடங்குகிற இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் அந்தக் காற்றையே கொண்டுவருகிறது. அங்கே கனம் பெற்ற வாய் கிட்டார்தான். இது முழுசாகப் பொருந்துகிறதா என்றால், முக்கால்வாசி பொருந்துகிறது. மீதியை அப்படியே விட்டுவைக்கிறேன்.

பணம் யாருக்குப் போனது

இதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம், எழுதியவரின் அனுமதி தேவையில்லை. 1909ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகிதச் சுருள்கள் விற்ற காலத்தில், ஒரே நிறுவனம் எல்லாப் பாட்டையும் வளைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் பிறந்தது. தொகை ஒரு பிரதிக்கு 2 சென்ட். ‘ரெஸ்பெக்ட்’ வந்தபோதும் அதே 2 சென்ட்தான். கவர் வெர்ஷன் என்ற கலையே இந்தச் சட்டத்தின் நிழலில்தான் வளர்ந்தது என்று சொல்லலாம்.

வானொலிக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குப் போகாது. அரீதாவின் ‘ரெஸ்பெக்ட்’ வானொலியில் எத்தனை முறை ஒலித்திருந்தாலும் அந்த வருமானம் எழுதியவர் பக்கத்துக்குத்தான் போயிற்று. திருப்பிப் போட்ட வரியும் எழுத்துக்கூட்டிய இடமும் சகோதரிகளின் குரல் ஏற்பாடும் சேர்ந்துதான் அந்தப் பாட்டை உலகம் அறியச் செய்தன. ஆனால் தட்டில் ஆசிரியர் பெயர் ஓடிஸ் ரெடிங் மட்டுமே.

எழுதியவர் உரிமையை விடாமல் பிடித்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. டாலி பார்ட்டன் எழுதிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எல்விஸ் பாட விரும்பியபோது, பதிப்புரிமையில் பாதி கேட்டார் எல்விஸின் மேலாளர். பார்ட்டன் மறுத்துவிட்டு அன்று ராத்திரி அழுதாராம். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி 14 வாரம் முதலிடத்தில் நின்றபோது அந்த மறுப்பின் பலன் முழுசாகப் பார்ட்டனுக்கே வந்தது. அது சரியான முடிவு. அரீதா விஷயத்திலும் ஓடிஸின் குடும்பத்துக்குப் போன பணத்தை நான் குறை சொல்லவில்லை. பாடியவருக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மரியாதை கேட்கிற பாட்டிலேயே இது நடந்தது மனசை உறுத்துகிறது.

இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் வந்தபின் பாடகர்களுக்கும் ஒரு பங்கு என்று ஆனது. ஆனால் 1972 பிப்ரவரிக்கு முந்தைய பதிவுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைச் சரிசெய்த சட்டம் 2018 அக்டோபர் 11 அன்று கையெழுத்தானது. அரீதா இறந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 16.

மான்டரே

1967 ஜூன் 17, கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா. அரீதாவின் தட்டு முதலிடத்துக்குப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஓடிஸ் ரெடிங் மேடையேறினார். எதிரே பெரும்பாலும் வெள்ளையின ராக் ரசிகர்கள், அவரை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். அவர் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை அறிமுகப்படுத்திய விதம் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது, நல்ல சிநேகிதி, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இருந்தாலும் நான் பாடத்தான் போகிறேன் என்று சொல்கிறார். குரலில் சிரிப்பு இருக்கிறது. கசப்பு எனக்குக் கேட்கவில்லை. அடுத்தவர் பாட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு போனவர் ஆயிற்றே, தனக்கு என்ன நடந்தது என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்?

அப்புறம் டிரம்ஸ் விழுகிறது, பாட ஆரம்பிக்கிறார். ஸ்டூடியோப் பதிவைவிட வேகம். சரணத்துக்கு அடுத்து சரணம், அதே ஓட்டம். எழுத்துக்கூட்டுகிற இடம் இல்லை, சாக்ஸபோன் திறக்கிற கதவும் இல்லை. அரீதாவின் பதிவை ஆயிரம் முறை கேட்ட பிறகு இதைக் கேட்கும்போதுதான் ஓடிஸின் பாட்டு எனக்குப் பிடிபட்டது. வேலை முடிந்து களைத்து வந்த ஒருவன் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே யாராவது தன்னை ஏறெடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்கிறான். அரீதாவின் பாட்டில் வருகிறவர் பதில் வாங்காமல் நகரமாட்டார். ஓடிஸின் ஆள் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறான்.

அந்த டிசம்பர் 10 அன்று அவர் போன விமானம் விஸ்கான்ஸினில் மனோனா ஏரியில் விழுந்தது. அவருக்கு 26 வயது. மான்டரே பதிவில் பாட்டு முடிகிற இடத்தில் கூட்டம் கத்துகிறது, அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மைக்கில் கேட்கிறது, உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்.